சாவி சாமி முன்னால், கட்டைவிரல் பொத்தான் மேல்

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு, அனுபவசாலி என்கிற முறையில் நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டவர் என்னைவிட மிகவும் இளையவர். நெருக்கடியில் என்னைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். கொல்கத்தாவில் கட்டடம் கட்டடமாகப் போய்த் தீ எச்சரிக்கைக் கருவிகளை அமைத்துக் கொடுத்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்னார். குக்கர் விசிலுக்கே படிக்கட்டைத் தேடி ஓடுகிற ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று என் மனைவி சொன்னாள். இருவரும் சொன்னது ஒரே நோயைத்தான்.

எனக்குப் பயம் வந்தால் முதலில் விக்கல் வரும். அடுத்து பாஷை போகும். தமிழ், வங்காளி, இந்தி, இங்கிலீஷ் என்று நான்கும் தெரியும். பயத்தில் நான்கும் ஒரே வாசல் வழியாக வெளியே வரப் பார்த்து நடுவில் சிக்கிக்கொள்ளும். அதற்கப்புறம் சிரிப்பு வரும். பக்கத்தில் இருப்பவர்கள் என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொள்வது அந்தக் கட்டத்தில்தான்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். கட்டடத்துக்குக் காது வைக்கிறோம், கை வைக்கிறோம். புகையை உணரும் கருவி, சுவரில் இருக்கும் சிவப்புப் பெட்டி, தண்ணீர்க் குழாயில் இருக்கும் சுவிட்ச் எல்லாம் காது. அதைத்தான் இன்புட் என்கிறோம். ஹாரன் அடிப்பது, ஏசியை நிறுத்துவது, கதவுப் பூட்டை விடுவிப்பது, தீயணைக்கும் கேஸைத் திறந்துவிடுவது எல்லாம் கை, அது அவுட்புட். எந்தக் காதில் என்ன கேட்டால் எந்தக் கை என்ன செய்ய வேண்டும் என்று நடுவில் மூளையாக இருக்கும் பேனலுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதைப் பயிற்சி வகுப்பில் என்னைவிட நன்றாக நடத்துவார்கள். வகுப்பில் நடத்தாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு விஸ்வகர்மா பூஜையன்று பாலிகஞ்சில் ஒரு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற கதை.

தமிழ்நாட்டிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கியிருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். நம் ஆயுத பூஜை நவராத்திரியில் வரும். இந்த ஊரில் அதற்குச் சில வாரம் முன்னாலேயே விஸ்வகர்மா பூஜை வந்துவிடும். அன்று ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், ஏணி, லேத், ஆட்டோ, ரிக்ஷா எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்து, சாமி முன்னால் நிறுத்திவிடுவார்கள். வைத்த கருவியை அன்றைக்குத் தொடக்கூடாது. ஊரே மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருக்கும். அந்த ஒரு நாளில் எந்த மெஷினும் கெட்டுப்போகாது என்று இங்கே எல்லோருக்கும் அசைக்க முடியாத நம்பிக்கை. கெட்டுப்போனாலும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் விஷயம்.

அந்தக் கட்டடத்துக்கு நாங்கள் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருந்தோம். கட்டடத்தின் எஞ்சினியர் மௌஷுமி. நாங்கள் எல்லோரும் அக்கா என்கிற முறையில் மௌஷுமிதி, சுருக்கமாகத் தீதி, என்று கூப்பிடுவோம்; அவர் என்னை மூர்த்திதா, அதாவது மூர்த்தி அண்ணன், என்பார். பூஜைக்கு என்னையும் என்னோடு வேலை பார்த்த கோமதியையும் அழைத்திருந்தார். கோமதி திருநெல்வேலிப் பெண். கொல்கத்தாவுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் பட்டம் விடுவதில் பாலிகஞ்சுக்கே சவால் விட்டுக்கொண்டிருந்தாள். வந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். நான் பூஜைச் சாப்பாடான கிச்சுடி எங்கே கொதிக்கிறது என்று வாசனை பிடித்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன். மௌஷுமிதி வரவேற்று, கையில் ஒரு சந்தேஷ் இனிப்பைக் கொடுத்தார்.

"மூர்த்திதா, இந்த வருஷம் பூஜையை சர்வர் ரூம்லயே வச்சுட்டோம். நமக்குச் சோறு போடற மெஷின் அதுதானே."

அவர் பேசியதெல்லாம் வங்காளியில். நான் தமிழில் தருகிறேன். அவர் வங்காளியில் எனக்குக் கொடுத்த பட்டங்கள் சிலவற்றைத் தமிழில் தரப்போவதில்லை.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். இரண்டு வரிசை சர்வர் ரேக்குகளுக்கு நடுவே யானை மேல் விஸ்வகர்மா உட்கார்ந்திருந்தார். எதிரே பூஜை செய்யும் பெரியவர், இங்கே தாக்குர்மஷாய் என்பார்கள், கண்ணை மூடி மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். சாமி முன்னால் கட்டடத்தின் கருவிகள் எல்லாம் குங்குமப் பொட்டோடு அணிவகுத்திருந்தன. தாக்குர்மஷாயின் பக்கத்தில் துனோ என்கிற மண் தூபக்காலில் சாம்பிராணி குபுகுபுவென்று புகைந்துகொண்டிருந்தது.

"புகை கருவி இருக்கே தீதி" என்றேன்.

"நான் என்ன புதுசா? மெயின் பேனல்ல அந்த ரூமை ஆஃப் பண்ணியாச்சு. பாருங்க, ஒரு சத்தம் இருக்கா?"

ஒரு சத்தமும் இல்லை. என் வாயில் சந்தேஷ் இருந்தது. தலையாட்டினேன்.

உங்களில் கெட்டிக்காரர்கள் இந்நேரம் எழுந்து நின்றிருப்பீர்கள். சர்வர் ரூமில் கேஸ் சிலிண்டரை இயக்குவதற்குத் தனி பேனல் இருக்கிறது. அதற்குச் சொந்தக் காது, சொந்தக் கை. அது மெயின் பேனலுக்குச் செய்தி மட்டும் சொல்லும். மௌஷுமிதி மெயின் பேனலில் ஆஃப் செய்தது அந்தச் செய்தியை வாங்குகிற இன்புட்டை. அதாவது பக்கத்து வீட்டுக்காரன் கத்துகிறான் என்று நம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டில் நடப்பது நடந்துகொண்டுதான் இருந்தது.

முதல் புகை கருவி ஏற்கெனவே விழித்துக்கொண்டிருந்தது. அது விழித்தால் ஏசி நின்று, காற்றுப் பாதைகள் மூடிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அமைத்திருந்தோம். அழகாக வேலை செய்தது. அதனால் சாம்பிராணிப் புகைக்கு வெளியேற வழியே இல்லாமல் போனது. நான் விரலில் ஒட்டியிருந்த சந்தேஷைச் சாப்பிட்டு முடித்தபோது இரண்டாவது கருவியும் விழித்தது. இரண்டும் விழித்தால் நிஜத் தீ என்று பேனல் முடிவு கட்டிவிடும்.

வராந்தாவில் ஹாரன் அடித்தது. கதவுப் பூட்டு டக்கென்று விடுபட்டது. கதவுக்கு மேலே சிவப்புப் பலகையில் எண்கள் இறங்க ஆரம்பித்தன. பூஜ்யத்துக்கு வந்தால் சிலிண்டர் திறக்கும்.

கதவோரம் சுவரில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்திப் பிடித்திருக்கும்வரை எண்ணிக்கை நிற்கும். நான் அதன்மேல் பாய்ந்தேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் முதலில் எதிர்ப்பக்கம் ஓடினேன். படிக்கட்டைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து திரும்பி வந்து அழுத்தினேன். பலகையில் எட்டு என்று நின்றது.

சில பேனல்களில் விரலை எடுத்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். இது அந்த வகை இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும். விரலை எடுத்தால் எட்டு, ஏழு, ஆறு, அப்புறம் உள்ளே ஜெட் விமானம் கிளம்புகிற மாதிரி கேஸ் சீறும்.

மௌஷுமிதி ஓடிப் போய் ஹாரனை அடக்கினார். அந்த அமைதியில் என் விக்கல் மட்டும் கேட்டது.

"தீதி, தாக்குர்மஷாயை வெளியே கூப்பிடுங்க."

"அவருக்குப் போன வருஷம்தான் மார்புல மெஷின் வச்சாங்க மூர்த்திதா. பட்டாசு வெடிச்சாலே படுத்துடுவார். அந்த கேஸ் ஆளைக் கொல்லுமா?"

"கேஸ் கொல்லாது. சத்தமும் காத்தும் என்ன பண்ணும்னு சொல்ல முடியாது. ரேக் மேல இருக்கறதெல்லாம் பறக்கும். எனக்கே ஹார்ட் நின்னுடும்." அப்புறம் சிரித்தேன். மௌஷுமிதி என்னைத் தைரியசாலி என்று நினைத்த நேரம் அது.

அவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து உள்ளே குரல் கொடுத்தார். "தாக்குர்மஷாய், எழுந்து வாங்க. உள்ளே கேஸ் வரப்போகுது."

பெரியவர் மந்திரத்தை ஒரு மூச்சில் முடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தார். "சமையல் கேஸா?"

"இல்லை, தீயணைக்கற கேஸ்."

"தீயை அணைக்கறதுதானே. நல்லதுதான்." மறுபடி கண்ணை மூடினார்.

"நீங்க வெளியே வரணும்."

"சங்கல்பம் ஆயிடுச்சும்மா. ஆரத்தி முடியாம எழுந்திருக்கக் கூடாது. முட்டி வேற. எழுந்தா மறுபடி உட்கார முடியாது, பூஜை பாதியில நிக்கும். அந்த பாபு எதையோ பிடிச்சிட்டிருக்காரே, பிடிச்சிட்டே இருக்கட்டும்."

அந்த பாபு நான்தான்.

மௌஷுமிதி கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். "மெயின் சுவிட்சை அணைச்சிடட்டுமா?"

"வேண்டாம். உள்ளே பேட்டரி இருக்கு."

"பேட்டரி வயரைப் பிடுங்கிடறேன்."

"பேனல் பெட்டி பூட்டியிருக்கு. சாவி எங்கே? சாவி இருந்தா வயரையே பிடுங்க வேண்டாம். ஒரு திருப்புத் திருப்பினா கேஸை நிறுத்திடலாம்."

அவர் திரும்பிக் கண்ணாடிக்குள் பார்த்தார். நானும் கழுத்தை வளைத்துப் பார்த்தேன். விஸ்வகர்மாவின் காலடியில், ஸ்க்ரூடிரைவர் வரிசைக்கும் மல்டிமீட்டருக்கும் நடுவே, கட்டடத்தின் அத்தனை சாவிகளும் ஒரு பித்தளைத் தட்டில் குங்குமத்தோடு கிடந்தன.

"சாவியுமா?"

"சாவியும் கருவிதானே."

"தீதி, நீங்க எஞ்சினியர்."

"வருஷம் முழுக்க எஞ்சினியர்தான். இன்னிக்கு ஒரு நாள் இல்லை. பூஜை நடக்கும்போது அந்தத் தட்டுல கை வைக்க என்னால முடியாது. வேணும்னா நீங்க வையுங்க."

நான் எங்கே வைப்பது? என் கை சுவரில் இருந்தது. தட்டிலும் முப்பது நாற்பது சாவிகள் ஒரே முகத்தோடு இருந்தன. யாரையாவது உள்ளே அனுப்பித் தேடச் சொல்லலாம். அவர் தேடும் நேரத்தில் என் விரல் வழுக்கினால் உள்ளே இருவர். ஒருவரை வெளியே கொண்டுவர முடியாத இடத்துக்கு இன்னொருவரை அனுப்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை. அனுப்பாததற்குக் காரணம் விவேகம் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அப்போதுதான் எனக்கு விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. மௌஷுமிதி உதவிக்கு வந்தார். "என் விரலை உங்க விரல் மேல வைக்கறேன். நீங்க மெதுவா அடியிலேர்ந்து உருவிக்கோங்க."

"இதுவரைக்கும் கல்யாணத்துல ஒரு தடவைதான் இப்படிக் கையைப் பிடிச்சிருக்கேன். அதுக்கும் ஐயர் வேணும். ஐயர் உள்ளே பிஸி."

"ஜோக் அடிக்கற நேரமா இது?"

ஜோக் அடிக்கவில்லை என்றால் அழுதிருப்பேன். ஆள் மாறும் அந்த ஒரு கணத்தில் பொத்தான் எழும்பிவிட்டால் என்ன செய்வது? என் விரல் என் பொறுப்பு என்று மறுத்துவிட்டேன்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். பயத்தில் எனக்குத் தோன்றியதெல்லாம் அந்த எட்டு என்கிற எண்தான். எட்டு, எட்டு, எட்டு. சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது, அது எட்டாகவே இருக்கிறது என்று. நான் பிடித்திருக்கும்வரை எதுவும் நடக்காது. நேரம் என் பக்கம் இருந்தது. நான்தான் தேவையில்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் அடுத்த யோசனை வந்தது. பேனலை நிறுத்த முடியாவிட்டால் போகட்டும். அதன் கையைக் கழற்றிவிட்டால் போதும். சிலிண்டர் வராந்தாவில் தனி அலமாரியில் இருந்தது. அதன் தலையில் மின்சாரத்தால் இயங்கும் ஒரு சின்னத் தலைப்பகுதி. பேனல் கட்டளை கொடுத்தால் அதிலிருந்து ஒரு பின் வெளியே குத்தி சிலிண்டரைத் திறக்கும். அந்தத் தலையைத் திருகிக் கழற்றிவிட்டால் பின் காற்றில் குத்தும்.

"கோமதியைக் கூப்பிடணும். போன் என் வலது பாக்கெட்ல."

வலது கை பொத்தானில். இடது கை வலது பாக்கெட்டுக்குப் போகும் வயதை நான் தாண்டிவிட்டேன். மௌஷுமிதி செத்த எலியை எடுப்பதுபோல இரண்டு விரலால் என் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து என் காதில் வைத்தார்.

"சார், பக்கத்து மாடிக்காரன் பட்டத்தை அறுத்துட்டேன்" என்றாள் கோமதி. பின்னால் ஏகப்பட்ட கூச்சல்.

"நல்லது. கீழே வந்து சிலிண்டர் தலையைக் கழட்டு."

"வெளையாடாதீங்க சார்."

என் விக்கலைக் கேட்டதும் வந்துவிட்டாள். விஷயம் புரிய அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "நட்டு இறுகிக் கெடக்கு சார். ஸ்பானர் வேணும்" என்றாள். மூவரும் ஒரே நேரத்தில் கண்ணாடிக்குள் பார்த்தோம். ஸ்பானர்கள் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாகச் சாமி முன்னால் படுத்திருந்தன.

கோமதி படியிறங்கி ஓடினாள். தெருமுனையில் ஒரு கராஜ், அதற்கடுத்து குழாய் ரிப்பேர் கடை, அதற்கும் அடுத்து ஒரு சைக்கிள் கடை. எல்லா இடத்திலிருந்தும் எனக்குப் போன் செய்தாள். போனை என் காதில் பிடித்திருந்த மௌஷுமிதிக்கும் கேட்டது.

"சார், கராஜ்ல தரமாட்டேங்காங்க. இன்னைக்குப் போயி ஸ்பானர் கேக்கியேன்னு சிரிக்காங்க. ஸ்வீட்டு குடுத்தாங்க."

"ஸ்வீட் வேண்டாம், ஸ்பானர்."

"குழாய்க் கடையிலயும் ஸ்வீட்டுதான் சார்."

"அவசரம்னு சொன்னியா?"

"சொன்னேன். அவசரத்துக்குத்தான் சாமி இருக்காருன்னு சொல்லுதாங்க. சைக்கிள் கடைல ஒரு தட்டு மட்டன் நீட்டுதாங்க சார். வாங்கட்டா?"

பாலிகஞ்சில் அன்று ஸ்பானர் ஒன்றுகூட இல்லை. பாலிகஞ்சில் என்ன, கொல்கத்தா முழுவதும், ஆற்றுக்கு அக்கரையில் சாந்த்ராகாச்சி ரயில் யார்டு வரையில், ஸ்பானர் என்று பெயர் கொண்ட எல்லாமே பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுத்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கே அது அன்றுதான் முழுசாகப் புரிந்தது. அந்த நிமிடம் என்னை யாராவது என்ன செய்வது என்று கேட்டிருந்தால், நான்கு பாஷையிலும் சேர்த்துத் தெரியாது என்றிருப்பேன்.

அப்போதுதான் தலையில் ஒரு விளக்கு எரிந்தது. இன்று பூஜை செய்யாத ஸ்பானர் யாரிடம் இருக்கும்? யாருக்குப் பூஜை நவராத்திரியில் வருகிறதோ அவரிடம் இருக்கும்.

"தீதி, மணிக்குப் போடுங்க. கிரைண்டர் மணின்னு இருக்கும்."

மணி என் பள்ளித் தோழன். லேக் மார்க்கெட்டில் இருக்கிற தென்னிந்திய ஓட்டல்களுக்கெல்லாம் மாவு கிரைண்டர் ரிப்பேர் செய்பவன்.

"டேய் மணி, ஸ்பானர் இருக்கா?"

"இப்போ அதை வச்சுத்தான் ஒரு கிரைண்டரைக் கழட்டிண்டிருக்கேன். ஏன்?"

"இன்னிக்கு அதுக்குப் பூஜை போடலையே?"

"நமக்கு இன்னும் நாள் இருக்கேடா. என்ன ஆச்சு உனக்கு, அழறியா?"

"விக்கல். பாலிகஞ்சுக்கு உடனே வா. பெரிய சைஸா கொண்டு வா. ஆட்டோ பிடிச்சு வா."

"ஆட்டோ எல்லாம் மாலை போட்டுண்டு நிக்கறது. ஸ்கூட்டர்ல வரேன். இங்கே பாதி மாவு உள்ளே கெடக்கு, ஓட்டல்காரர் என்னைக் கொல்லுவார்."

"நான் அவர்கிட்டப் பேசிக்கறேன்."

"நீ பேசினா நிச்சயமா கொல்லுவார்."

வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை மாவோடு, கையில் ஒரு பெரிய ஸ்பானரோடு மூன்று மாடி ஏறி வந்தான். ஸ்பானரின் வாயிலிருந்து இட்லி மாவு சொட்டியது. பின்னால் கோமதி மட்டன் தட்டோடு வந்தாள். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லையாம்.

கோமதி தட்டைத் தரையில் வைத்துவிட்டு, நட்டில் ஸ்பானரைப் போட்டுத் தொங்கினாள். மணி அவள் கையோடு சேர்ந்து தள்ளினான். நட்டு கிறீச்சிட்டுத் திரும்பியது. சற்று நேரத்தில் அந்தச் சின்னத் தலை கோமதியின் கைக்கு வந்துவிட்டது. வயர் தொங்க, அதை உயர்த்திக் காட்டினாள்.

"எடுங்க சார் விரலை. தலை என் கையில."

எடுக்கவில்லை.

"சார், கழட்டியாச்சு."

"தெரியும்."

"அப்புறம் என்ன சார்?"

"பெரியவர் உள்ளே இருக்கார்."

"சிலிண்டர்தான் கழண்டுருச்சே" என்றார் மௌஷுமிதி. "இனிமே எங்கேருந்து கேஸ் வரும், உங்க வாயிலேர்ந்தா?"

"எங்கேருந்தும் வராது. அவர் வந்தப்புறம் எடுக்கறேன்."

"பயந்தாங்கொள்ளிடா நீ" என்றான் மணி. "ஸ்கூல்லயே ஊசி போட வந்தா டாய்லெட்ல ஒளிஞ்சிப்பான் மேடம்."

சொல்லட்டும். எனக்கு அப்போது தர்க்கம் எதுவும் இல்லை. கழற்றிய தலை கண்ணுக்கு எதிரே இருந்தது. எதுவும் நடக்காது என்று தலைக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது, அந்த ஆளுக்கும் கேஸுக்கும் நடுவில் எனக்குத் தெரிந்தவை மட்டும்தான் இருக்கின்றன என்று எப்படிச் சொல்ல முடியும்? இதைப் பின்னால் யோசித்துத்தான் எழுதுகிறேன். அன்று சொன்னது ஒரு விக்கல் மட்டுமே.

ஆரத்தி தொடங்கியது. பாலிகஞ்சிலேயே மெதுவான ஆரத்தி அதுதான். விளக்கை விஸ்வகர்மாவுக்குக் காட்டினார். யானைக்குக் காட்டினார். ஒவ்வொரு ரேக்குக்கும் காட்டினார். ஒவ்வொரு ஸ்பானருக்கும் காட்டினார். நான் கால் மாற்றி நின்றேன். மணி மட்டனில் ஒரு துண்டு எடுத்து என் வாயில் வைத்தான். அவனே சைவம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வைத்தான். நானும் சைவம் என்பது இருவருக்கும் அப்புறம்தான் ஞாபகம் வந்தது. விக்கல் மட்டும் அதோடு நின்றது.

கைமணியை அடித்து முடித்துவிட்டுத் தாக்குர்மஷாய் ரேக்கைப் பிடித்து எழுந்தார். பாதி எழுந்து, அந்தக் கைமணியைக் கீழே வைத்தது ஞாபகம் வந்து, மறுபடி குனிந்தார். கோமதி பல்லைக் கடித்தாள். பிரசாதத் தட்டை எடுத்தார். இரண்டு அடி வைத்தார். நின்றார். திரும்பிப் போய் மூலையிலிருந்து குடையை எடுத்துக்கொண்டார். மழையில்லாத நாளில் குடை. மௌஷுமிதி சாமி பெயரைச் சொன்னார், பக்தியோடு சொல்லவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவரைச் சுவரோரமாக நகர்த்தி நிறுத்தச் சொன்னேன். அப்புறம் கட்டைவிரலை எடுத்தேன். எடுத்தேன் என்பதைவிட, இடது கையால் பிடித்து உரித்தேன் என்பதுதான் சரி.

எட்டு, ஏழு, ஆறு. கோமதி தன் கையிலிருந்த தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று, இரண்டு, ஒன்று. டிக் என்று பின் வெளியே குத்தியது. கோமதி சிரித்தாள். "அவ்வளவுதான் சார். இதுக்குப் போயி..."

கதவுக்கு அந்தப் பக்கம் வானம் பிளந்தது.

கண்ணாடி அதிர்ந்தது. உள்ளே ஒரே வெள்ளை. அந்த வெள்ளையில் சாமந்திப் பூக்கள் மேலும் கீழும் சுழன்று பறந்தன. ஒரு வாழைப்பழம் கண்ணாடியில் மோதி வழுக்கி இறங்கியது. குங்குமம் ஒரு சிவப்புப் புழுதியாகக் கிளம்பிக் கதவு முழுவதும் ஒட்டிக்கொண்டது. மணி தரையில் படுத்திருந்தான். மௌஷுமிதி கோமதியைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் மறுபடி படிக்கட்டில் இருந்தேன். எப்போது போனேன் என்று தெரியாது.

முந்தைய வருடம் அந்த அறையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அப்போது வந்த வேறு யாரோ கடைசி ரேக்குக்குப் பின்னால் சின்னதாக இன்னொரு சிலிண்டரை வைத்து, அதன் வயரையும் அதே அவுட்புட்டில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வரைபடத்தில் இல்லை, பேனல் பட்டியலில் இல்லை. எங்கள் கண்ணிலும் படவில்லை. தாக்குர்மஷாய் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது அதற்கு நேர் முன்னால்.

சத்தம் அடங்கியது. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன, விளக்குகள் பச்சையாக மினுக்கின. விஸ்வகர்மா யானை மேல் சாய்ந்திருந்தார், விழவில்லை. மௌஷுமிதி கண்ணாடியருகே போய், கடைசி ரேக்குக்கும் பெரியவர் விட்டுவிட்டு வந்த சின்ன ஆசனத்துக்கும் இடையே இருந்த தூரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்று முழுவதும் எனக்குக் கொடுத்த பட்டங்களில் ஒன்றையும் அப்போது சொல்லவில்லை.

நீங்கள் வேலை செய்யப் போகிற பேனல்கள் என் காலத்தவற்றைவிடப் புத்திசாலிகள். அவற்றின் காதையும் கையையும் திரையில் வண்ணம் வண்ணமாகப் பார்ப்பீர்கள். பாருங்கள். ஆனால் திரையில் தெரிவது, யாரோ சொல்லிக் கொடுத்தது மட்டும்தான். உள்ளே ஒரு ஆள் இருக்கிறார் என்றால், உங்களுக்கு விக்கல் வந்தாலும், பக்கத்திலிருப்பவர்கள் சிரித்தாலும், அவர் வெளியே வரும்வரை விரலை எடுக்காதீர்கள். பள்ளித் தோழன் ஊசிக் கதையை எடுத்தாலும் எடுக்காதீர்கள்.

தாக்குர்மஷாய் மட்டும் அசையவில்லை. சுவரோரம் குடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள் பறந்து அடங்கிய பூக்களை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மௌஷுமிதியிடம் திரும்பினார்.

"நாற்பது வருஷமா விஸ்வகர்மாவுக்குப் பூஜை பண்றேன். இன்னிக்குத்தான் பதில் சொல்லியிருக்கார்" என்றார். அப்புறம் மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு, "கிச்சுடி ஆறிடப் போகுது, வாங்க" என்று முதல் ஆளாக நடக்க ஆரம்பித்தார்.